கூண்டுக்கு வந்த பறவைகள்

"ஒரு கிளி வாங்கித் தாங்கப்பா" என்று பிள்ளை கேட்காத வீடு உண்டா? கேட்டதும் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடாதீர்கள். கூண்டுப் பறவைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள்.

தமிழருக்கும் கிளிக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. சங்க காலத்துப் பெண்கள் தினைப்புனத்தில் நின்று கிளி ஓட்டினார்கள். மதுரை மீனாட்சி கையிலும் கிளி, திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கையிலும் கிளி. மீனாட்சி பெயரைச் சொல்லப் பழக்கிக் கிளிகளை வளர்த்த மண்டபத்துக்குக் கிளிக்கூட்டு மண்டபம் என்றே பெயர்.

1877ல் நம் பேராக்கின் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது. பிறகு பெருகிய பால்மரக் காடுகளுக்குக் கப்பலேறி வந்த நம்மவர்கள், ஊர்க் கிளியை இங்கே காணவில்லை. கழுத்தில் சிவப்பு வளையம் போட்ட அந்தக் கிளி மலாயாக் காட்டுப் பறவையே அல்ல. கிளி ஜோசியக்காரரின் கூண்டில் வேண்டுமானால் பார்த்திருப்பீர்கள். (காக்கை மட்டும் நம்மைப் போலவே கப்பலில் வந்தது. காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். அதை யாரும் கூண்டில் வைக்கவில்லை!)

இங்கே இருந்தவை வேறு. மனிதக் குரலில் பேசும் தியோங் என்ற மலை மைனா. தலைகீழாகத் தொங்கித் தூங்கும் செரிண்டிட் என்ற குட்டிக் கிளி. மலாய்க்காரர்கள் குரலுக்காகவே வளர்க்கும் மெர்போக் புறா. இவை எல்லாவற்றையும் பாட்டில் மிஞ்சியது பாராவ் பாராவ். வைக்கோல் நிறத் தலை, கன்னத்தில் கறுப்புக் கோடு. ஆற்றோரக் காட்டில் ஆணும் பெண்ணும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிப் பாடும்.

அந்தப் பாட்டே அதற்கு எமனாயிற்று. பாட்டுக்காக ஆசைப்பட்டவர்கள் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். தாய்லாந்தில் இன்று அது இல்லை. ஜாவாக் காட்டிலும் இல்லை. 2018ல், அடியோடு அழியும் ஆபத்தில் உள்ள பறவை என்று அறிவித்தார்கள். 2022ல் காட்டுப் பறவையை நாடு விட்டு நாடு விற்கும் வியாபாரத்துக்கே தடை வந்தது. சிங்கப்பூரின் உபின் தீவில் இன்றும் நன்றாகப் பாடிக்கொண்டிருக்கிறது. காடு அழிந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் காடு இருந்த இடத்திலும் பறவை இல்லாமற் போனதே, அதற்குக் கூண்டைத் தவிர வேறு எதைக் குற்றம் சொல்வது?

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2010ல் புதிய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாதுகாக்கப்பட்ட பறவையைப் பிடிக்கவும் வைத்திருக்கவும் பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும். "காட்டுல புடிச்சது, சும்மா கொடுத்தாங்க" என்பதெல்லாம் சட்டத்தின் முன் செல்லாது.

அப்படியானால் பிள்ளைக்கு எதை வாங்குவது? நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்கிறோமே, அந்தச் சின்னக் கிளி போதும். ஆஸ்திரேலியப் பறவை அது. 1840ல் ஜான் கூல்டு என்பவர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே குஞ்சு பொரித்துப் பழகிவிட்டது. அதற்காக யாரும் காட்டில் கண்ணி வைக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது கண் தெளிவாக இருக்கிறதா, ஆசனவாய் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். கூண்டு உயரமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது நல்லது. பறவை பக்கவாட்டில்தானே பறக்கிறது! தினை, சாமை, கீரை, கொத்துவதற்குக் கணவாய் ஓடு கொடுங்கள். அன்று கிளியை விரட்டிக் காத்த தினையை இன்று நாமே கிண்ணத்தில் வைக்கிறோம்! அவக்காடோ பழம் விஷம், கொடுக்கவே கூடாது. சமையலறையில் கூண்டைத் தொங்கவிடாதீர்கள். ஒட்டாத சட்டி காய்ந்து கிளம்பும் புகை ஒன்றே அதன் உயிரைக் குடித்துவிடும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். பறவை தன் நோயைக் கடைசிவரை மறைக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்துவிட்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.