ஒட்டியதும் காட்டியதும்

காலையில் நெமிலிச்சேரி ஸ்டேஷன் வரை என்னுடன் நடக்க வரும் நண்பர் கேட்டார்: "ஏன் சார், கட்டுரை நடுவுல வீடியோ ஓடுதே, அதை நகல் எடுத்து உள்ளே வைக்கிறாங்களா?"

இல்லை. அங்கே இருப்பது ஒரு ஜன்னல்தான். வீடியோ அதன் சொந்த வீட்டிலேயே இருக்கிறது.

எனக்கு உடனே பிரெஞ்சுக்காரர்களின் 'எத்தா சிவில்' பதிவேடு ஞாபகம் வந்தது. பிறப்பைப் பதிந்த பக்கத்தின் ஓரத்திலேயே பிற்பாடு கல்யாணக் குறிப்பையும் எழுதுவார்கள். நாம் வாங்கி வரும் நகலோ அன்றைய நிலையை மட்டும் சொல்லும். அதனால்தான் பிரான்ஸில் கல்யாணத்துக்கு, அங்கே வாங்கிய பிறப்பு நகல் மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

நகலின் ஆபத்தை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பணிப் பதிவேட்டில் ஒருவரின் பிறந்த தேதியைத் திருத்திவிட்டோம். திருத்தத்துக்கு முன் நான் டைப் அடித்த நகல் மட்டும் வேறொரு ஃபைலில் அப்படியே கிடந்தது. அவர் இறந்த பிறகு குடும்ப பென்ஷனுக்காக அவருடைய மனைவி ஏழு மாதம் நடந்தார். மூலம் சரியாக இருந்தது. நகல்தான் திருந்தவில்லை.

கம்ப்யூட்டரில் இதற்கு வழி தேடியவர் அமெரிக்கரான டெட் நெல்சன். 1960-ல் அவர் தொடங்கிய 'ஸானடு' திட்டத்தில், மூலம் ஓரிடத்தில் இருக்கும். வேண்டிய இடத்திலெல்லாம் அதுவே தெரியும். அந்தத் திட்டம் அவர் நினைத்தபடி பரவவில்லை. எண்ணம் மட்டும் நிலைத்தது.

2008-ல் 'ஓஎம்பெட்' என்ற பொது விதிமுறை வந்தது. 2009 டிசம்பரில் வெளியான வேர்ட்பிரஸ் 2.9 அதை ஏற்றது. வீடியோவின் முகவரியைத் தனி வரியில் எழுதினால் போதும், "இதை எப்படிக் காட்டுவது?" என்று மென்பொருளே அந்தத் தளத்தைக் கேட்டுக்கொள்ளும். ஆனால் யாரை வேண்டுமானாலும் முழுதாக நம்பாது, பட்டியலில் உள்ள தளங்கள் தரும் பதிலை மட்டும்தான் அப்படியே ஏற்கும். ஏனென்றால், வெளியார் அனுப்பும் நிரல் நம் பக்கத்துக்குள் ஓடப்போகிறது. பட்டியலை நீட்ட விரும்புகிறவர் ஒரு சின்னச் செருகுநிரல் எழுதி, புதிய தளத்தின் முகவரி அமைப்பையும் எங்கே கேட்பது என்பதையும் சேர்க்கலாம். ஒரே வரி வேலை. நம்பலாமா என்று முடிவு செய்வதுதான் பெரிய வேலை.

ஜன்னலுக்கும் ஆபத்து உண்டு. 2020 அக்டோபர் 24 முதல் பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும், அனுமதிச் சாவி இல்லாமல் கேட்டால் பதில் தருவதை நிறுத்தின. வேர்ட்பிரஸ் அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதன்பின் ஒட்டிய முகவரிகள் வெறும் முகவரிகளாகவே நின்றன.

ஆக, நகல் பழசாகிவிடும். ஜன்னலை வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் மூடலாம்.

எத்தா சிவில் பதிவேட்டை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றை 'மேரி' என்னும் நகரமன்றத்திலும் மற்றதைக் கோர்ட்டிலும் வைப்பார்கள். அந்தப் புத்தியைத்தான் நானும் பின்பற்றுகிறேன். எந்த வீடியோவைச் சேர்த்தாலும் கீழே நான்கு வரி எழுதிவிடுகிறேன்: யார் பேசுகிறார், எப்போது, எங்கே, என்ன சொன்னார். நாளைக்கு ஜன்னல் மூடினாலும் உள்ளே என்ன இருந்தது என்று படிப்பவருக்குத் தெரியும்.