ஆயாவின் காலணாவும் ஒரு ராணியின் தொப்புளும்

போன வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு ஆரணிக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு மூணு மாசப் பையன். அழுதான்னா போதும், தொப்புள் நாவல்பழம் மாதிரி வெளிய வந்துடும். தூங்கினா உள்ள போயிடும்.

ஆயா தன்னோட சுருக்குப் பையிலிருந்து ஒரு செப்புக் காலணாவை எடுத்தாங்க. "இதை வெச்சி துணியால இறுக்கிக் கட்டுடி, ரெண்டு மாசத்துல உள்ள போயிடும். உங்கம்மாவுக்கே அப்படித்தான் போச்சு". அக்கா என்னைப் பார்த்தா. நான் மொபைலைப் பார்த்தேன். அன்னிக்கு ராத்திரி தறிச் சத்தம் அடங்கினப்புறம் படிச்சதுதான் இந்தப் பதிவு.

கருவில் தொப்புள்கொடி நுழையுற இடத்துல, வயிற்றுச் சுவரில் ஒரு வளையம் இருக்கும். பிறந்தப்புறம் அது தானா மூடணும். மூட லேட்டானா குடலோ, குடலை மூடியிருக்கிற கொழுப்போ அது வழியா எட்டிப் பார்க்கும். இதுதான் தொப்புள் குடலிறக்கம். குறைமாசக் குழந்தைகளுக்கு அதிகம் வரும்.

பழைய கதைதான் இது. கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸிலேயே, இருமினா தொப்புள் பக்கம் தள்ளுற வீக்கம் பற்றிக் குறிப்பு இருக்கு. முதல் நூற்றாண்டு ரோமானியர் செல்சஸ் இதுக்கு அறுவை முறையே எழுதிட்டு, கைக்குழந்தைக்குச் செய்யாதீங்க, ஏழு வயசுக்கு மேல பார்த்துக்கலாம்னு சொல்லியிருக்கார். மனுஷன் அப்பவே விவரம்!

அடுத்தது இங்கிலாந்து. இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி கரோலின். 1724-ல் கடைசிப் பிரசவத்துக்கப்புறம் தொப்புள் குடலிறக்கம் வந்துச்சு. வெட்கப்பட்டு பல வருஷம் மறைச்சாங்க. 1737 நவம்பரில் குடல் வெளிய மாட்டிக்கிச்சு. வைத்தியர்கள் கத்தி வெச்சும் பலனில்லை. பதினோரு நாள் துடிச்சு, நவம்பர் 20 அன்னிக்கு இறந்தாங்க. பதினாலு வருஷம் கழிச்சு, 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் நம்ம ஆரணியில் சண்டை போட்டு ஜெயிச்சப்பவும் அங்க ராஜா அதே இரண்டாம் ஜார்ஜ்தான்.

ஆயாவோட காலணாவைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்தாம் ஜார்ஜ் தலை. அந்தக் கரோலின் வழி வந்த வாரிசு! தொப்புளால செத்த ராணியோட பேரன் பரம்பரை, எங்க வீட்டுத் தொப்புளுக்கு வைத்தியம் பார்க்க வந்திருக்கு :-)

சரி, ஆயா சொன்னது பொய்யா? இல்லை. அம்மாவுக்கு நிஜமாவே சரியாப் போச்சு. ஆனா பெரும்பாலான குழந்தைகளுக்கு நாலஞ்சு வயசுக்குள்ள காசு கட்டினாலும் கட்டாட்டியும் வளையம் தானா மூடிடும். தானா சரியான பக்குக்கு நம்ம பேட்ச் பேரு வாங்குற கதைதான். கட்டுறதால தோல் புண்ணாகி சீழ் வைக்கலாம், அதுதான் மிச்சம்.

ஆயாவைக் குறை சொல்லவும் மனசு வரலை. அவங்க அம்மா காலத்துல ராத்திரி குழந்தை வீறிட்டா எங்க தூக்கிட்டுப் போறது? ஐடா ஸ்கடர் வேலூரில் ஒரு சின்ன அறையில் வைத்தியம் ஆரம்பிச்சதே 1900-ல்தான். 1902-ல் ஷெல் மருத்துவமனை வந்துச்சு. ஆரணியிலிருந்து அங்க போக மாட்டுவண்டி கட்டணும். கையில இருந்தது காலணாதான்.

ஆனா இன்னிக்கு இருக்கிற நாம தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அபூர்வமா, ராணிக்கு ஆன மாதிரி குழந்தைக்கும் குடல் மாட்டிக்கலாம். வீக்கம் கல்லு மாதிரி ஆகுது, உள்ள போகலை, தொட்டா அலறுது, நிறம் சிவக்குது இல்ல கறுக்குது, வாந்தி எடுக்குது, வயிறு உப்புதுன்னா ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ரத்த ஓட்டம் நின்னா அந்தக் குடல் அழுகிடும். அதைவிட அபூர்வமா, மேல்தோல் கிழிஞ்சு குடலே வெளிய வந்த குழந்தைகளும் உண்டு. காசைக் கட்டி மூடி வெச்சா இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது. எனக்கு பயம் வந்தது அங்கதான்.

மறுநாள் டாக்டர் விரலால் மெதுவா அழுத்திப் பார்த்துட்டு, "காத்திருங்க, காசு வேண்டாம்"னு சிரிச்சார். ஆயா முறைச்சுக்கிட்டே காலணாவை சுருக்குப் பையில் போட்டுக்கிட்டாங்க. "அவன் அஞ்சு வயசுல உள்ள போகலைன்னா என்கிட்டதான் வரணும்"னு எச்சரிக்கை வேற.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். உங்க வீட்டுக் குழந்தையை டாக்டர்கிட்டயே காட்டுங்க. உங்க ஊர் ஆயாக்கள் என்ன கட்டினாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.