கள்ளியின் பெயர் வழியே ஒரு வரலாறு

பட்டுத் தறிகளுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தைக் கடந்து பாலாற்றை நோக்கிச் செல்வோமாயின், ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றையும், வானம் பார்த்த மேட்டு நிலங்களையும் காண்போம். தண்ணீர் ஊற்றாமலும் காவல் வைக்காமலும் இத்தகைய நிலங்களுக்கு வேலியாக நிற்கவல்லது கள்ளி. சங்கப் புலவர்கள் அதனைப் பாலை வழியிலும் சுடுகாட்டிலும் கண்டனர். நாமோ அதனை நஞ்சென்றே அறிந்து வைத்துள்ளோம். எனினும் இந்த எளிய செடியின் பெயர்களைப் பின்தொடர்ந்தால், அட்லஸ் மலையிலிருந்து பாக்தாத் வழியாக மலபார் வரை நீளும் ஓர் அறிவுப் பாதை நமக்குப் புலப்படும்.

நம் நாட்டுச் சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி ஆகியன தாவரவியலார் ‘யூஃபோர்பியா’ என அழைக்கும் பேரினத்தைச் சேர்ந்தவை. சப்பாத்திக்கள்ளி அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அது அமெரிக்காவிலிருந்து வந்த வேறு குடும்பம். யூஃபோர்பியா என்னும் பெயர் ஒரு மருத்துவரின் பெயராகும். இன்றைய மொரோக்கோ, அல்ஜீரியப் பகுதிகளை உள்ளடக்கிய மௌரித்தானியாவைக் கி.மு. 25 முதல் ஆண்ட மன்னர் இரண்டாம் ஜூபா, அட்லஸ் மலையில் கண்ட பால்செடி ஒன்றிற்குத் தம் அரண்மனை மருத்துவரான யூஃபோர்பஸின் பெயரைச் சூட்டினார் என்று உரோமானிய அறிஞர் பிளினி எழுதுகிறார்.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸ், இதன் பாலைச் சேகரித்த முறையை விவரிக்கிறார். கழுவிய ஆட்டு இரைப்பைகளைச் செடியைச் சுற்றிக் கட்டிவிட்டு, தொலைவில் நின்று ஈட்டியால் தண்டைக் குத்துவார்களாம். பாலின் வெம்மைக்கு அஞ்சியே இந்த ஏற்பாடு. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இஸ்திஃபான் இப்னு பஸீல் இந்நூலை அரபியில் பெயர்த்தார். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதனைத் திருத்தினார். கிரேக்கச் சொல் அரபியில் ‘ஃபர்பியூன்’ ஆயிற்று. இப்னு சீனாவின் ‘அல்கானூன்’ நூலிலும், மாலகாவில் பிறந்து 1248இல் திமிஷ்கில் மறைந்த இப்னு அல்பைத்தாரின் மருந்தியல் தொகுப்பிலும் இம்மருந்து இடம்பெற்றுள்ளது. யூனானி மருத்துவத்தில் ‘ஃபர்ஃபியூன்’ என வழங்குவது இதுவே.

இதே காலத்தில் நம் கடற்கரையிலும் கள்ளியைப் பற்றிய அறிவு தனியே வளர்ந்திருந்தது. கொச்சியின் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீட், ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்னும் பெருந்தொகுப்பை உருவாக்கினார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த அதற்கு, இட்டி அச்சுதன் என்னும் நாட்டு மருத்துவர் தம் அறிவை வழங்கினார். அந்நூலின் படங்களில் செடிகளின் பெயர்கள் இலத்தீன், மலையாளம், நாகரி எழுத்துகளோடு அரபு எழுத்திலும் பொறிக்கப்பட்டிருப்பது நம் கவனத்திற்குரியது. இரண்டாம் தொகுதியில் ‘திருகள்ளி’ இடம்பெற்றது. 1753இல் லின்னேயஸ் அச்சொல்லையே ஏற்று ‘யூஃபோர்பியா திருகள்ளி’ எனப் பெயரிட்டார். செடியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா எனக் கருதப்படினும், அறிவியல் அதனை அழைப்பது நம் நாட்டுச் சொல்லால்தான்.

சதுரக்கள்ளிக்கு அவர் இட்ட ‘அன்டிகோரம்’ என்னும் பெயருக்கு ‘முன்னோருடையது’ என்பது பொருள். பண்டையோரின் மருந்து இதிலிருந்தே கிடைத்தது என்ற கருத்தில் எழுந்த பெயர் அது. அம்மருந்தின் உண்மையான மூலம் மொரோக்கோவின் மலைக்கள்ளியே. அதன் பிசினிலிருந்து 1975இல் பிரித்தெடுக்கப்பட்ட வேதிப்பொருள், மிளகாயின் காரப்பொருளைவிடப் பல மடங்கு கடுமையானது. நாள்பட்ட வலியைத் தணிக்க அது பயன்படுமா என்னும் ஆய்வு தொடர்கிறது.

இவ்வறிஞர் அனைவரிடமும் ஒரு பொதுப் பண்பைக் காண்கிறோம். கள்ளியின் ஆற்றலை அறிந்தவர் அதனிடம் அளவையும் தொலைவையும் பேணினர். அந்த அறிவுக்கு நேர்மாறான இழிசெயலும் நம் மண்ணில் நிகழ்ந்தது. 1980களில் உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து வந்த பெண்சிசுக் கொலைச் செய்திகள் ‘கள்ளிப்பால்’ என்னும் சொல்லையே அச்சத்திற்குரியதாக்கின. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது. பெண்குழந்தையைக் கொல்வதைத் திருக்குர்ஆன் எத்துணைக் கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நம் வாசகர் அறிவர். அக்கண்டனம் கொன்றவரையும் வரதட்சணை போன்ற கொடுமைகளால் அவர்களை அந்நிலைக்குத் தள்ளிய சமூகத்தையும் சாரும், செடியைச் சாராது.

செடியோ வறட்சிக்கென்றே அமைந்தது. திருகுகள்ளியின் சிற்றிலைகள் விரைவில் உதிர்ந்துவிடும். பச்சைத் தண்டே உணவு சமைக்கும். பகல் வெயிலில் நீர் ஆவியாகாதிருக்கத் தண்டின் நுண்துளைகள் இரவில் திறக்கும். மத்தியதரைக் கடல் நாடுகளில் நீரைச் சிக்கனப்படுத்தும் தோட்டங்களுக்கு இவ்வினச் செடிகளை விரும்பி வளர்க்கின்றனர். நாமும் வளர்க்கலாம். ஒரு கிளையை வெட்டி, பால் வடிந்து வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் வைத்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் போதும். நீர் தேங்கினால்தான் அழுகும். பிள்ளையார்பாளையம் போன்று நெருக்கமாக வீடுகள் அமைந்த தெருக்களில் மொட்டைமாடித் தொட்டியும் அதற்குப் போதும். வெட்டும்போது கையுறை வேண்டும். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஊறு நேரலாம். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

நிலத்தடி நீர் குறைந்துவரும் இந்நாளில் கம்பிவேலிகள் பெருகிக் கள்ளிவேலிகள் அருகி வருகின்றன. வேலி மறைந்தால் அதனோடு பழகிய கைகளின் அறிவும் மறையும். இட்டி அச்சுதன் போன்றோர் சொல்லக் கேட்டு எழுதிவைக்க ஒருவர் இருந்ததாலேயே ‘திருகள்ளி’ உலகச் சொல்லாயிற்று. எந்தக் கள்ளி எந்த மண்ணுக்கு ஏற்றது, அதன் பாலிடம் எவ்வாறு எச்சரிக்கையாயிருப்பது என்பதை அறிந்த முதியோர் நம் ஊர்களில் இன்னும் உள்ளனர். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிவைப்பது நம் தலைமுறையின் பணியாகும்.