கடாரத்திற்கு அப்பால்: சாசனங்களின் ஒளியில் ஸ்ரீவிஜயக் கடற்பேரரசு

முன்னுரை

தமிழரின் வரலாற்று நினைவில் கடாரம் என்னும் சொல் ஒரு வெற்றியின் அடையாளமாகவே பதிந்துள்ளது. முதலாம் இராசேந்திர சோழன் ‘கடாரங்கொண்டான்’ எனப் பெயர் பெற்றமையே அதற்குக் காரணமாகும். ஆயின், வெல்லப்பட்ட நாடு எத்தகையது, அதன் மக்கள் எம்மொழியில் எழுதினர் என்னும் வினாக்கள் நம்மிடையே அரிதாகவே எழுகின்றன. மலாய் மொழி பேசும் மக்களோடு அருகருகே வாழும் தமிழர் இவ்வினாக்களைத் தவிர்த்தல் இயலாது. ஸ்ரீவிஜயத்தை அதன் சொந்தக் கல்வெட்டுகளின் வழியும் தமிழ்ச் சாசனங்களின் வழியும் ஒருசேர நோக்க இக்கட்டுரை முற்படுகிறது.

கல்வெட்டுகள் காட்டும் அரசு

சுமத்ராவின் பலெம்பாங் நகரருகே கிடைத்த கெடுகான் புக்கிட் கல்வெட்டு கி.பி. 683ஆம் ஆண்டினது. பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்த வரிவடிவத்தில், பழைய மலாய் மொழியில் அமைந்த அது, ஓர் அரசனின் படகுப் பயணத்தையும் படையெடுப்பையும் கூறுகிறது. அடுத்த ஆண்டினதான தாலாங் துவோ கல்வெட்டு, மன்னன் ஸ்ரீ ஜயநாசன் அமைத்த தோப்பைப் பற்றியது. அங்கு நடப்பட்ட தென்னை, கமுகு, மூங்கில் முதலியவற்றின் பயன் எல்லா உயிர்க்கும் சேர்க என அது வேண்டுகிறது. பங்கா தீவின் கோத்தா கப்பூர் கல்வெட்டோ (686) அரசுக்கு இரண்டகம் செய்வோரைக் கடுமையாகச் சபிக்கிறது. அருளும் அச்சமும் இணைந்தே இவ்வரசைத் தாங்கின.

அதன் செல்வம் நீர்வழிகளால் வந்தது. உள்நாட்டுக் காடுகளின் கற்பூரமும் சாம்பிராணியும் ஆறுகளின் வழியே துறைமுகங்களை அடைந்தன. சீனத்திற்கும் இந்தியாவிற்கும் இடையே ஓடிய கலங்கள் பருவக்காற்றுத் திசைமாறும்வரை மலாக்கா நீரிணைப் பகுதியில் காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காத்திருப்பே துறைமுகங்களை வளர்த்தது. கி.பி. 671இல் புறப்பட்ட சீனத் துறவி இத்சிங், இந்தியா செல்லுமுன் ஸ்ரீவிஜயத்தில் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். ஆயிரத்திற்கும் மேற்பட்ட பௌத்தத் துறவியர் அங்கிருந்ததாகவும் எழுதியுள்ளார்.

நாகப்பட்டினமும் கடாரமும்

சோழரோடு இவ்வரசின் உறவு போரில் தொடங்கியதன்று. முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த பெரிய லெய்டன் செப்பேடு, நாகப்பட்டினத்தில் எழுந்த சூளாமணிவர்ம விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக வழங்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. தந்தை பெயரால் அதனை நிறைவு செய்த மாறவிசயோத்துங்கவர்மனைச் சைலேந்திர குலத்தவனாகவும், ஸ்ரீவிஜயத்திற்கும் கடாரத்திற்கும் உரியவனாகவும் அது குறிப்பிடுகிறது. சைவம் போற்றிய மன்னன் அயல்நாட்டரசனின் பௌத்தப் பள்ளியைப் புரந்தமை கருதத்தக்கது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள், 1025ஆம் ஆண்டளவில், சோழர் கடற்படை சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சிறைப்படுத்தியது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் எனத் தாக்கப்பட்ட இடங்களை இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி அடுக்குகிறது. வெற்றி முழக்கமாகப் பொறிக்கப்பட்ட இப்பட்டியலே, ஸ்ரீவிஜயம் ஒரே நகரன்று, நீரிணையின் இருகரைத் துறைமுகங்களோடும் பிணைந்த பேரரசு என்பதற்கு இன்று முதன்மைச் சான்றாக விளங்குகிறது.

அத்தாக்குதலோடு உறவு முறிந்துவிடவில்லை. வட சுமத்ராவின் பாருசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் நடமாட்டத்தைக் காட்டுகிறது. முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டுச் சிறிய லெய்டன் செப்பேடு, கிடாரத்தரசனின் தூதுவர் வேண்டியவாறு நாகப்பட்டினப் பள்ளிகளின் நிலங்களுக்கு வரிவிலக்கு அளித்ததைக் கூறுகிறது. கடாரத்தரசன் எடுப்பித்த அப்பள்ளிகளின் பெயர்கள் இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என்பன. கடாரங்கொண்டவனின் பெயரையே கடாரத்தரசனின் பள்ளி தாங்கி நின்றது.

முடிவுரை

கொடை, போர், வணிகம், மீண்டும் கொடை என விரியும் நெடிய உறவில் 1025ஆம் ஆண்டு ஒரு நிகழ்ச்சியே. அதனை மட்டும் நினைவிற்கொள்வது நம் செப்பேடுகளையே பாதியளவில் படிப்பதாகும். மெய்க்கீர்த்தியைப் பயிலும் மாணவர் தாலாங் துவோ கல்வெட்டையும் உடன்வைத்துப் பயிலுதல் வேண்டும். கடல் கடந்த நாடுகளில் தமிழாய்வு செய்வோர்க்கு, இருமொழிச் சான்றுகளும் கைக்கெட்டும் இப்பணி தனியுரிமையும் கடமையுமாகும்.