எறிகணையும் ஏவுகணையும்

எறிதல் வேறு, ஏவுதல் வேறு. 2009 ஆம் ஆண்டுவரை போர்க்களமாய்க் கிடந்த வன்னியின் இன்றைய மாணவர் இவ்விரு சொற்களையும் ஒன்றாகவே வழங்குகின்றனர். அவற்றின் வேற்றுமையை வரலாற்றின் துணைகொண்டு ஈண்டு நோக்குவாம்.

பீரங்கிக் குண்டு எறியப்படுவது. குழலினுள் வெடிக்கும் மருந்து அதனை ஒருமுறை உந்தும். குழல்வாயைக் கடந்தபின் அதற்கு வேறு உந்தல் இல்லை. வாணமோ தன் மருந்தைத் தானே சுமப்பது. எரிவாயு பின்னே பீறிட, அதன் எதிர்த்தாக்கத்தால் முன்னே பாய்வது.

வாண மருந்தை இரும்புக் குழலில் அடைத்துச் சிறந்த போர்க்கருவியாக்கிய பெருமை மைசூருக்கு உரியது. கடதாசியும் மூங்கிலும் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கிற்று. ஆகலின் வாணம் நெடுந்தொலைவு சென்றது. குழலொடு பிணித்த நீண்ட கழி அதன் போக்கை நேர்ப்படுத்திற்று. 1780 செப்டெம்பர் 10 ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், ஐதர் அலியும் திப்புவும் கேணல் பெயிலியின் படையை முறியடித்த போரில் இவ்வாணங்கள் பயன்பட்டன. 1799 இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவை இங்கிலாந்து சென்றன. அவற்றின் வழிவந்தவையே வில்லியம் கொன்கிறீவ் செய்த வாணங்கள்.

1944 இல் யேர்மனி இலண்டன்மீது இருவகைக் கணைகளை ஏவிற்று. வி-1 சிறகுடையது, வெளிக்காற்றை உட்கொண்டு எரிந்து, விமானம்போற் பறந்தது. ஆகலின் போர்விமானங்கள் அதனைத் துரத்தி வீழ்த்த முடிந்தது. குறூஸ் ஏவுகணைகளுக்கு அதுவே முன்னோடி. வி-2 ஒட்சிசனையும் தானே சுமந்தது. ஏறத்தாழ ஒரு நிமிடமே எரிந்தது. அதுவரையே அதன் போக்கைத் திருத்த இயன்றது. பின்னர் எறிந்த கல்லேபோல் வளைந்து, ஒலியினும் விரைந்து வீழ்ந்தது. வந்த ஓசை வெடித்தபின்னரே கேட்டது. பலிஸ்ரிக் ஏவுகணைகள் இவ்வழியின.

இனி, வன்னி மக்கள் பல்குழல் எறிகணை என வழங்கியது யாது? பெயரால் எறிகணையாயினும் இயல்பால் அது வாணமே. வழிகாட்டும் கருவியற்ற அவ்வாணங்களைக் காற்றும், எரிதலின் சிறு வேறுபாடும் வெவ்வேறு பக்கம் விலக்கும். பல ஒருங்கே ஏவப்படுதலின், அவை வீழ்வது ஒரு புள்ளியிலன்று, ஒரு பரப்பின்மீது. அப்பரப்பில் நிற்பவர் படைவீரரோ பாலகரோ என்னும் வேறுபாடு அவற்றிற்கில்லை.

முதியோரின் நினைவுகளை எழுதப் புகும் மாணவர், புறப்பட்டபோது கேட்டது ஓர் ஒலியா, தொடரொலியா எனவும், வீழ்ந்தவை எத்துணைப் பரப்பிற் சிதறின எனவும் வினவித் தெளிந்தே எழுதுதல் வேண்டும். சொல் பிழைப்பின் சான்றும் பிழைக்கும்.