ஒரு கேசட், இரண்டு பக்கம்

1988 நோன்புப் பெருநாளுக்குத் துபாயிலிருந்து கீழக்கரைக்கு விடுப்பில் வந்த காக்காவின் பெட்டியில் டிடிகே 90 கேசட் ஒன்று இருந்தது. ஒரு பக்கத்தில் மஹாவிஷ்ணு, மறுபக்கத்தில் சக்தி என்று பேனாவால் எழுதியிருந்தார். அதைக் காக்கா வாசித்துக் காட்டியதும், "என்ன வாப்பா, பக்திப் பாட்டா?" என்று உம்மா கேட்டார்கள். எனக்கும் விளங்கவில்லை. அப்போது என் உலகமே ராக் இசைதான். டீப் பர்ப்பிள், லெட் செப்பலின், ஜிமி ஹென்றிக்ஸ் மூவரையும் கேட்டுக் கேட்டு டேப்பே தேய்ந்துபோயிருந்தது. வீட்டில் நாகூர் ஹனிபா ஒலிக்காத நேரமெல்லாம் டூ-இன்-ஒன் என் கையில்.

"இதுல பாடுறது யாரு காக்கா?"

"ஒருத்தரும் பாட மாட்டாங்க. கருவி மட்டுந்தான். மொதல்ல இந்தப் பக்கத்தக் கேளு. புடிச்சிருந்தா திருப்பிப் போடு."

காக்கா சொன்ன வரிசை சரியானது என்பதை இத்தனை வருடம் கழித்தும் சொல்வேன். ராக் கேட்டுப் பழகிய காது ஜாஸ் ஃப்யூஷனுக்குள் நுழைய மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவைப் போன்ற வழி வேறில்லை. நுழைந்தபின் போய்ச் சேரவேண்டிய இடம் சக்தி. இரண்டையும் உருவாக்கியவர் ஒருவரே, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின். நான்கே வருட இடைவெளியில் ஒரே மனிதர் இரண்டு எதிர்த்திசைகளில் நடந்து ஒரே கேள்விக்கு விடை தேடினார். ராக் நம்மைப் பிடித்து உலுக்குகிறதே, அந்த வேகம் எங்கிருந்து வருகிறது, ஒலிபெருக்கியிலிருந்தா தாளத்திலிருந்தா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன்.

முதல் பக்கத்தில் இருந்தது 1971-ல் வந்த 'தி இன்னர் மவுன்டிங் ஃப்ளேம்'. ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ' ஒலிப்பதிவில் வாசித்துவிட்டு வந்த மெக்லாஃப்லின் நியூயார்க்கில் சேர்த்த ஐவர் குழு அது. டிரம்ஸில் பனாமாவில் பிறந்த பில்லி கோபம், கீபோர்டில் பிராகிலிருந்து வந்த யான் ஹாமர், வயலினில் ஜெர்ரி குட்மன், பேஸ் கிட்டாரில் அயர்லாந்துக்காரர் ரிக் லேர்ட். மஹாவிஷ்ணு என்பது மெக்லாஃப்லினுக்கு அவருடைய குரு ஸ்ரீ சின்மோய் சூட்டிய பெயர். ராக் ரசிகனுக்கு இதில் அந்நியமாக ஒன்றுமே இல்லை. மெக்லாஃப்லின் கையிலிருந்த கிப்சன் இரட்டைக்கழுத்து கிட்டார், லெட் செப்பலினின் ஜிம்மி பேஜ் மேடையில் மாட்டிக்கொண்ட அதே ரகம். ஆம்ப்ளிஃபயர் அதே அலறல். டிரம்ஸ் அதைவிடப் பெரிய இடி.

ஆனால் தலையை ஆட்டத் தொடங்கினால் இரண்டாவது நிமிடத்தில் தாளம் கைவிட்டுப் போய்விடும். ராக் பெரும்பாலும் நான்கில் நடக்கும். நான்குக்குப் பழகிய கழுத்து 'வைட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்' பாட்டில் திணறுவதற்குக் காரணம், அது ஒன்பதில் ஓடுவதுதான். அடுத்த ஆல்பமான 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' தலைப்புப் பாட்டு பதினெட்டு. எனக்கு அன்று இந்த எண்ணிக்கையெல்லாம் தெரியாது. ஏதோ படிக்கட்டில் ஒரு படி குறைவதுபோல் ஒவ்வொரு சுற்றிலும் கால் தவறியது, அவ்வளவுதான். ராமநாதபுரத்தில் கூடப் படித்த, மிருதங்கம் கற்ற நண்பன் ஒருவனிடம் போட்டுக் காட்டினேன். அவன் தொடையில் தட்டிக்கொண்டே "தகதிமி தகதகிட" என்றான். நான்கும் ஐந்தும் ஒன்பது, சங்கீர்ணம். பாட்டு பிடிபட்டுவிட்டது. அமெரிக்கக் குழுவின் மின்சாரப் புயலைத் திறந்த சாவி எங்கள் மாவட்டத்துப் பையனின் வாயில் இருந்தது என்பதை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால்தான் அதன் அருமை தெரிந்தது.

ராக்கிலும் இந்தக் கணக்கின் வாசனை உண்டு என்பதைச் சொல்லவேண்டும். லெட் செப்பலினின் 'காஷ்மீர்' பாட்டில் கிட்டார் மூன்று மூன்றாகப் போகும், டிரம்ஸ் நான்கு நான்காக அடிக்கும். பன்னிரண்டில் இரண்டும் சேரும்போது உடம்பு சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்புக்குக் காரணம் சத்தம் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அது பிரிந்துபோன இரண்டு கணக்குகள் சமத்தில், தாளம் தொடங்கும் இடத்தில், வந்து சேரும் மகிழ்ச்சி. 'காஷ்மீர்' அதை ஒரு பாட்டில் தருகிறது. மஹாவிஷ்ணு ஒரு ஆல்பம் முழுக்கத் தருகிறது.

முழுக்கத் தருவதுதான் அதன் குறையும்கூட. கிட்டார், வயலின், கீபோர்டு மூன்றும் ஒரே வரியை ஒரே அசுர வேகத்தில் சேர்ந்து வாசிப்பது முதல் முறை வியப்பு, ஐந்தாவது முறை களைப்பு. எல்லாமே உச்சியில் இருந்தால் உச்சி எது? நடுவில் மென்மையான பாட்டுகள் உண்டுதான். ஆனாலும் குழுவின் இயல்பு எரிவது, தணிவது அல்ல. அந்த முதல் ஐவர் 1973 முடிவதற்குள் பிரிந்தும் போனார்கள்.

மறுபக்கத்துக்கு வருகிறேன். கேசட்டைத் திருப்பிப் போட்டதும் கைதட்டல் கேட்டது. 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நேரடியாகப் பதிவான கச்சேரி அது, மறு வருடம் ஆல்பமாக வந்தது. 'ஜாய்' என்ற முதல் உருப்படி எடுத்த எடுப்பிலேயே பாய்கிறது. வேகத்தில் மஹாவிஷ்ணுவுக்கு இம்மியும் குறைவில்லை. ஆனால் ஆம்ப்ளிஃபயரின் அலறல் இல்லை, டிரம்ஸ் இல்லை, பேஸ் கிட்டார் இல்லை. தரையில் உட்கார்ந்து வாசிக்கும் ஐந்து பேர். இது எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்கவேண்டும். ஆகவில்லை, ஏனென்றால் தாளத்தின் கனம் அப்படியே இருந்தது. மிருதங்கத்தின் இடந்தலையில் ரவை பிசைந்து அப்பியிருப்பார்களே, அந்தத் தொப்பியிலிருந்து எழும் கும்காரம்தான் இங்கே பேஸ். கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தி விடுவிக்கும்போது அடிவயிற்றில் ஒன்று உருளும், அதுவும் பேஸ். பில்லி கோபம் இரண்டு கால்களாலும் பெடலை மிதித்து எழுப்பியதை இவர்கள் விரலாலும் வயிற்றாலும் எழுப்பினார்கள்.

கடம் என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்கு மானாமதுரை நினைவு வரும். கெட்டியான, கனமான கடத்துக்குப் பேர்போன அந்த ஊர் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. சக்தியில் கடம் வாசித்தவர் டி.எச். விக்கு விநாயக்ராம். தபலா ஜாகிர் உசேன், அப்போது 24 வயது. வயலின் எல். சங்கர், 25 வயது. சங்கர் வளர்ந்தது நமக்கு நேர் எதிரே, யாழ்ப்பாணத்தில். அங்கே இசை கற்பித்த அவருடைய தந்தை வி. லட்சுமிநாராயணா, 1958 கலவரத்துக்குப்பின் குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தோணி விட்ட கீழக்கரைக்காரர்களுக்கு அந்தக் கடலைக் கடந்துவருவது என்னவென்று சொல்லவேண்டியதில்லை.

ஐந்தாமவர் மிருதங்கக் கலைஞர் ராகவன். முழுப்பெயரைச் சொன்னால் ராம்நாட் வி. ராகவன். கீழக்கரையிலிருந்து பஸ் ஏறினால் அரை மணியில் போய்விடக்கூடிய ராமநாதபுரம்தான் அந்த ராம்நாட். பூச்சி சீனிவாச ஐயங்காரும், சி.எஸ். சங்கரசிவம், சி.எஸ். முருகபூபதி சகோதரர்களும் வாழ்ந்த ஊர். ராகவனின் அண்ணன் ராம்நாட் கிருஷ்ணன், 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்த பெரிய வித்துவான். ராகவனும் அங்கே மிருதங்கம் கற்பித்தார். அதே வெஸ்லியனில்தான் மெக்லாஃப்லின் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார், அங்கேதான் சங்கரையும் சந்தித்தார். சக்தியின் முதல் ஆல்பத்தில் மட்டுமே ராகவன் இருக்கிறார். அதன்பின் குழு நால்வராகச் சுருங்கியது. பின்னாளில் கிளீவ்லாந்தில் தியாகராஜ ஆராதனை தொடங்கக் காரணமானவர்களில் ஒருவராகவும் அவர் இருந்தார்.

ராக் கிட்டார் ரசிகன் சக்தியில் எதைக் கவனிக்கவேண்டும்? கிட்டாரையேதான். இரட்டைக்கழுத்தை இறக்கிவைத்துவிட்டு மெக்லாஃப்லின் எடுத்தது தனியாகச் செய்வித்த அகூஸ்டிக் கிட்டார். ஒலித்துளையின் குறுக்காகக் கூடுதலாக ஏழு தந்திகள், தம்பூரா போல ரீங்கரிக்க. கழுத்தில் கட்டைகளுக்கு நடுவே மரத்தைக் குழியாகக் குடைந்திருந்தார்கள், விரல் தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்க. வீணை கற்றவர் கிட்டாரிடம் எதைக் கேட்டார் என்பது அந்தக் குழிவில் தெரிகிறது. அப்படியும் கிட்டார் கிட்டார்தான். சங்கரின் வயலின் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும்போது, அதே வரியை வாங்கித் திருப்பிச் சொல்லும் கிட்டார் சொட்டுச் சொட்டாக விழுகிறது. இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வேறுபாடுதான் உரையாடலை உயிரோடு வைக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி பேசினால் பேச எதற்கு இரண்டு பேர்?

அந்த உரையாடல்தான் இரண்டு குழுக்களுக்கும் இடையிலுள்ள பெரிய வித்தியாசம் என்று நினைக்கிறேன். மஹாவிஷ்ணுவிலும் ஒருவர் வாசிக்க மற்றவர் பதில் சொல்வார், ஆனால் அது பெரும்பாலும் போட்டி. சக்தியில் கேட்பது நம் கச்சேரி வழக்கம். ஒருவர் சொன்னதை மற்றவர் வாங்கி, ஒன்று கூட்டி, திருப்பித் தருகிறார். கோர்வை மூன்று முறை வந்து சமத்தில் விழும்போது ஐந்து பேரும் ஒன்றாக இறங்குகிறார்கள். 'காஷ்மீர்' தந்த அதே சிலிர்ப்பு, வாட் கணக்கில் சத்தம் இல்லாமல். ஜாஸ்காரர்கள் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், நமக்கு இது மனோதர்மம். கல்யாண ஊர்வலத்தில் தப்ஸ் அடிப்பவர்கள் மெதுவாகத் தொடங்கி, அடுக்கி, கடைசியில் எல்லாக் கையும் ஒரே அடியில் நிற்பதைத் தெருவோரம் நின்று கேட்டு வளர்ந்த காது, இதை அந்நியம் என்று சொல்லாது.

இரண்டையும் உரசிப் பார்க்க நேரான வழி ஒன்று இருக்கிறது. 'லோட்டஸ் ஃபீட்' என்ற ஒரே மெட்டு இரண்டு பெயரிலும் பதிவாகியிருக்கிறது. பிற்கால மஹாவிஷ்ணு 1976-ல் வெளியிட்ட 'இன்னர் வேர்ல்ட்ஸ்' ஆல்பத்தில் மெக்லாஃப்லின் அதை கிட்டார் சின்தசைசரில் வாசிக்கிறார். சக்தியின் முதல் ஆல்பத்தில் அதே மெட்டு வெறும் தந்தியில், ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. சின்தசைசர் பதிவு அழகானதுதான், ஆனால் ஒலி எந்திரத்தின் அழகு முந்திக்கொண்டு வருகிறது. தந்திப் பதிவில் மெட்டு மட்டும் இருக்கிறது. வயலின் மெல்ல நுழையும் இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒரே மாலையில் கேளுங்கள். எனக்கு அதன்பின் எது பெரிது என்ற சந்தேகம் வந்ததில்லை, சக்திதான்.

ஆனாலும் மஹாவிஷ்ணுவைத் தள்ளிவைக்கச் சொல்ல மாட்டேன். 1988-ல் யாராவது என்னிடம் கடமும் மிருதங்கமும் இருக்கிற கேசட்டை நேராகக் கொடுத்திருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன். நம்மூர்க் கருவிகளை நான் மதித்துக் கேட்டது மின்சார கிட்டாரின் சிபாரிசில்தான். ராக் கேட்கும் இன்றைய பிள்ளைகளுக்கும் நான் அதே வரிசையைத்தான் சொல்கிறேன். மஹாவிஷ்ணுவின் முதல் இரண்டு ஆல்பம், பிறகு சக்தியின் மூன்று, அதன்பின் மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸும் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் சேர்ந்த 'ரிமெம்பர் சக்தி'. 2023-ல் சக்தி என்ற பெயரிலேயே வந்த 'திஸ் மொமன்ட்' ஆல்பம் மறு வருடம் கிராமி பெற்றது. ஜாகிர் உசேன் அந்த 2024 டிசம்பரிலேயே போய்விட்டார்.

கேசட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். டிடிகே 90-ல் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். சக்தியின் முதல் ஆல்பம் ஏறத்தாழ 52 நிமிடம். கடைசி உருப்படி மட்டும் 29 நிமிடம், அதில் 22 நிமிடம் ஓடியதும் டூ-இன்-ஒன்னின் பொத்தான் 'டக்' என்று மேலே வரும். பல வருடம் எனக்கு அந்தப் பாட்டு அங்கேயே முடிந்தது. மிச்ச ஏழு நிமிடத்தைச் சென்னையில் சி.டி. வாங்கிய பிறகுதான் கேட்டேன். அன்றுதான் அட்டையிலிருந்த பெயர்களையும் முதல்முறை வாசித்தேன். மிருதங்கம் என்பதற்கு நேரே ஆர். ராகவன் என்று மட்டும் அச்சாகியிருந்தது. ராமநாதபுரம் அதில் இல்லை. நீங்கள் கேட்கும்போது அதைச் சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள்.