கலவாதவற்றைக் கலக்கும் அயனிக் கற்றை

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் 1980-களில் அகழாய்வு நடந்தபோது, இரும்பும் எஃகும் ஆக்கிய பழைய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. இரும்போடு கரியைச் சேர்த்து உலையிலிட்டால், கரியணுக்கள் மெல்ல மெல்ல இரும்புக்குள் ஊடுருவி அதனை எஃகாக்குகின்றன. கொங்குநாட்டுக் கொல்லர் அன்று கையாண்ட இவ்வழியையே, பற்சக்கரங்களுக்குக் கரியேற்றிக் கடினமாக்கும் இன்றைய கோவைப் பட்டறைகளும் பின்பற்றுகின்றன. அணுக்களை இடம்பெயர்க்க வெப்பம் வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

ஆனால் வெப்பத்திற்கும் எல்லை உண்டு. செம்பு உருகி ஓடினாலும் டங்ஸ்டன் அதில் கரைவதில்லை. மேலும், மேற்பரப்பில் மட்டும் மாற்றம் வேண்டுமென்றாலும் பொருள் முழுவதையுமே சூடாக்க வேண்டியிருக்கிறது. இவ்விடர்ப்பாடுகளுக்கு மாற்றாக வந்ததே அயனிக் கற்றை முறை. எலெக்ட்ரானை இழந்தோ ஏற்றோ மின்னூட்டம் பெற்ற அணுவே அயனி. மின்னூட்டம் இருப்பதால் மின்புலத்தின் உதவியால் அதனை முடுக்கி, குண்டுபோல் எறிய முடியும்.

இத்துறையின் தொடக்கம் ஒரு தொல்லையில் இருக்கிறது. வளிமங்களின் வழியே மின்னிறக்கம் செய்யும்போது எதிர்மின்வாயின் உலோகம் அரிக்கப்பட்டு அருகில் படிவதை 1852-ல் குரோவ் குறிப்பிட்டார். அயனிகள் அணுக்களைப் பெயர்த்தெறிகின்றன என்ற விளக்கம் பின்னர்தான் வந்தது. நூறாண்டுகள் கழித்து, டிரான்சிஸ்டர் புகழ் ஷாக்லி, அயனிகளைக் குறைக்கடத்திக்குள் செலுத்தி அதன் பண்பை மாற்றும் முறைக்கு 1954-ல் காப்புரிமை கோரினார். 1970-களில் அது தொழிற்சாலை முறையாகவே நிலைபெற்றது.

எனினும் நேரடியாகச் செலுத்துவதில் ஒரு குறை உண்டு. வேண்டிய அளவு அணுக்களைப் புகுத்துவதற்குள், வந்து மோதும் அயனிகளே மேற்பரப்பைச் சுரண்டிவிடுகின்றன. இதற்குக் கண்ட வழி மிக எளியது. சேர்க்க வேண்டிய உலோகத்தை முதலிலேயே மெல்லிய படலமாகப் பூசிவிட்டு, அதன்மேல் ஆர்கான், செனான் போன்ற மந்த வளிம அயனிகளைப் பாய்ச்சவேண்டும். 1 இலட்சம் எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடைய ஆர்கான் அயனி சிலிக்கனில் ஏறத்தாழ 1000 ஆங்ஸ்ட்ராம் ஆழம் சென்று நிற்கும். வழியில் அது தட்டிய அணு அடுத்ததைத் தட்ட, அது மற்றொன்றைத் தட்ட, ஒரே அயனி நூற்றுக்கணக்கான அணுக்களை இடம் மாற்றுகிறது. இரு படலங்களின் எல்லையில் இது நிகழ்ந்தால் அவை கலந்துவிடுகின்றன. 1979-ல் அமெரிக்காவில் ஸௌர், லியாவ், மேயர் ஆகியோர் உலோகப் படலம் பூசிய சிலிக்கனை இவ்வாறு தாக்கி, சிலிசைடு சேர்மங்களை உண்டாக்கிக் காட்டினர்.

கேரம் பலகைக் காய்களைப் போன்ற வெறும் மோதல்தானா இது? அப்படியானால் அணுவின் எடை மட்டுமே கணக்கில் வரவேண்டும். வேதிப்பண்புக்கு அங்கே வேலையில்லை. 1982-ல் ஹாலந்து நாட்டு ஆய்வாளர் வெஸ்டன்டார்ப், வாங், சாரிஸ் ஆகியோர் இதைச் சோதித்தனர். செம்போடு தங்கம் ஓர் இணை. செம்போடு டங்ஸ்டன் மற்றோர் இணை. தங்கத்தின் அணு எடை 197, டங்ஸ்டனுடையது 184, பெரிய வேறுபாடில்லை. மோதல் கணக்கின்படி இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு கலந்திருக்க வேண்டும். ஆனால் தங்கம் டங்ஸ்டனைவிடப் பன்மடங்கு கலந்தது! இயல்பாகவே செம்போடு உறவாடும் தங்கம் இங்கும் உறவாடியது. என் பார்வையில், இத்துறை வரலாற்றிலேயே மிகச் சுவையான சோதனை இதுவே. மோதல்கள் ஓய்ந்ததும் அவ்விடம் ஒரு கணம் ஆயிரக்கணக்கான டிகிரி சூடேறி உருகியதுபோல் ஆகிறது. அந்நிலையில் எவ்வணுவோடு எவ்வணு சேரும் என்பதை வேதியியல் முடிவு செய்கிறது என்று 1980-களின் நடுவில் கலிபோர்னியாவில் ஜான்சன் குழுவினர் விளக்கினர். அந்த ‘கணம்’ எவ்வளவு? ஒரு வினாடியை இலட்சம் கோடிக் கூறுகளாக்கினால், அவற்றுள் சில கூறுகளே. எந்தக் கொல்லனும் இவ்வளவு விரைவாக எதையும் குளிர்வித்ததில்லை. படிக ஒழுங்கு அமையவே நேரமின்றி, சில உலோகக் கலவைகள் கண்ணாடிபோல் உறைந்துவிடுவதும் இதனாலேயே.

கலந்ததை எப்படி அறிவது? இங்கு நம் மாணவர்கள் தேர்வுக்காகப் படிக்கும் ரூதர்ஃபோர்டு சிதறல் உயிர்பெற்று எழுகிறது. ஆல்ஃபா துகள்களைப் படலத்தின்மேல் செலுத்தி, பின்னோக்கித் திரும்புபவற்றின் ஆற்றலை அளக்கின்றனர். கனமான அணுவில் மோதியது அதிக ஆற்றலோடு திரும்பும். ஆழத்திலிருந்து வருவது வழியில் சிறிது இழந்து வரும். எவ்வணு எவ்வாழத்தில் உள்ளது என்பதைப் படலத்தை வெட்டாமலே கூறிவிடலாம்.

இத்தகைய முடுக்கியை ஒவ்வொரு கல்லூரியும் வாங்க முடியாது. பல்கலைக்கழக மானியக்குழு 1984-ல் புதுடெல்லியில் அணு அறிவியல் மையத்தை நிறுவியது இதற்காகவே. 2005 முதல் அது பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் எனப் பெயர்பெற்றது. அங்குள்ள பெல்லட்ரான், ஏறத்தாழ 26 மீட்டர் உயரமுள்ள எஃகுத் தொட்டிக்குள் நிற்கிறது. நடுவிலுள்ள முனையம் 1 கோடி வோல்ட்டையும் தாண்டி மின்னேற்றப்படும். எதிர் அயனி அம்முனையத்தை நோக்கி முடுக்கப்பட்டு, அங்கு எலெக்ட்ரான்களை இழந்து நேர் அயனியாகி, மறுபடியும் முடுக்கப்படுகிறது. 12 மில்லியன் வோல்ட்டில், 9 எலெக்ட்ரான் குறைந்த நேர் அயனியாக மாறும் தங்கம் பெறும் ஆற்றல் (1+9)×12, அதாவது 120 மில்லியன் எலெக்ட்ரான்வோல்ட்.

இவ்வளவு விரைந்த அயனி அணுக்கருக்களில் மோதுவது அரிது. ஆற்றலை எலெக்ட்ரான்களுக்கே கொடுத்துச் செல்கிறது. அப்படியும் படலங்கள் கலக்குமா? இரும்பும் சிலிக்கனும் அவ்வாறு கலப்பதை 1993-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டியபின், டெல்லியிலும் இவ்வாய்வு வளர்ந்தது. எந்த ஊர்ப் பல்கலைக்கழகமாயினும் ஆய்வுத் திட்டம் அனுப்பி, குழு ஏற்றுக்கொண்டால் கற்றை நேரம் பெறலாம். கோவையில் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிவித்த படலத்தைச் சிறு பெட்டியில் வைத்து இரயிலேறும் மாணவருக்கு அங்கே கிடைப்பது சில மணி நேரமே. ஆகவே பாதிச் சோதனை ஊரிலேயே முடிந்துவிடுகிறது என்பேன். இரு படலங்களுக்கிடையே மெல்லிய ஆக்சைடு படிந்திருந்தால், பெல்லட்ரானின் கற்றையே ஆனாலும் முடிவு எதைக் குறிக்கிறது என்று கூற இயலாது.

நமக்கு அருகே கல்பாக்கத்தில் இதே நிகழ்ச்சியைப் பகையாகக் கருதி ஆராய்கின்றனர். வேக ஈனுலையில் நியூட்ரான்கள் எஃகின் அணுக்களை ஓயாமல் பெயர்ப்பதால், நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றி எஃகு வீங்குகிறது. உலையில் வைத்துப் பார்த்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முடுக்கியிலிருந்து கன அயனிகளைப் பாய்ச்சினால், அதே அளவு சிதைவைச் சில மணி நேரத்தில் உண்டாக்கி, எந்த எஃகு குறைவாக வீங்குகிறது என்று பார்த்துவிடுகின்றனர்.